காலை ஷிப்டில் பாதி

டீச்சர்,

பள்ளி அலமாரியை இன்று ஒழித்துக்கொண்டிருந்தபோது, பிள்ளைகள் வண்ணம் தீட்டிய பேப்பர் தட்டுக் கட்டு ஒன்று காலில் விழுந்தது. கிரேயான் வாசனை இன்னும் போகவில்லை. டிபன் தட்டில் பின்னம் நடத்த உங்களைத் தவிர யாருக்குத் தோன்றும்? அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நாலாம் வகுப்பு ஏ எனக்கு, பி உங்களுக்கு. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். இந்தப் பக்கம் நான் தொகுதி, பகுதி என்று கரும்பலகையில் கோடு போட்டுக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. எனக்கு எரிச்சலாக வரும். பொறாமையும் உண்டு, இப்போது சொன்னால் என்ன. ஒருநாள் எட்டிப் பார்த்து, "இங்க பாடம் நடக்குதா, கல்யாணம் நடக்குதா டீச்சர்?" என்றேன். "ரெண்டுந்தான். செருப்பக் கழட்டிட்டு நீங்களும் வாங்க" என்றீர்கள்.

தரையில் சாக்பீஸால் பெரிய வட்டம், மூன்று சம பாகம். காலை ஷிப்ட், மதிய ஷிப்ட், நைட் ஷிப்ட். "அம்மா!" என்று நீங்கள் கூவினால், அவரவர் அம்மா வேலைக்குப் போகும் பாகத்தில் பிள்ளைகள் ஓடிப்போய் நின்று, "நாள்ல மூணுல ஒண்ணு!" என்று கத்த வேண்டும். தெலுங்கிலும் கன்னடத்திலும்கூடக் கத்தினார்கள். புத்தகத்தில்தான் கேக் படம் இருக்கிறதே என்றேன். "கேக்குன்னா பெரிய துண்டுக்கு அடிச்சிக்குதுங்க. ஷிப்டுன்னா யாருக்கும் ஒரு நிமிசம் கூடவும் கூடாது, கொறையவும் கொறையாது. இதுங்களுக்குத் தெரிஞ்ச சமபங்கு அதுதான் டீச்சர்" என்றீர்கள்.

லாவண்யா என் வகுப்பு. பின்னம் தொடங்கியதும் மேசையில் தலை சாய்த்துவிடுவாள். கணக்கு ஏறவில்லை, வகுப்பில் தூங்குகிறாள் என்று அவள் அம்மாவை வரவழைத்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். அந்த அம்மா குனிந்த தலை நிமிராமல், "சாமல்பட்டில எங்க அக்கா இருக்குது மேடம். அங்கயே சேத்து வுட்டுடறேன். வெள்ளிக்கெழம வந்து டிசி வாங்கிக்கறேன்" என்றாள். நானும் சரி என்றுவிட்டேன். நீங்கள்தான், "போறதுக்கு முன்னாடி ஒரு பீரியடு எனக்குக் குடுங்க" என்று அவளை அழைத்துப் போனீர்கள்.

மதியச் சாப்பாட்டின்போது லாவண்யா தீட்டிய பேப்பர் தட்டு ஒன்றை என் முன்னால் வைத்தீர்கள். மூன்றில் ஒரு பாகம் சிவப்பு. அம்மா, அப்பா இருவரும் கம்பெனியில் இருக்கும் நேரம். அந்தச் சிவப்பில் சரிபாதியைக் கறுப்பால் அழுத்தித் தீட்டியிருந்தாள். ஐந்தரைக்கு இருவரும் கம்பெனி பஸ் ஏறியதிலிருந்து ஒன்பதரைக்குப் பள்ளி மணி அடிக்கும் வரைக்கும்.

"இந்தக் கறுப்புல யாரு இருக்கறான்னு கேட்டேன் டீச்சர். நான் மட்டும், தூங்குனா ஸ்கூலுக்கு நேரமாயிடும்னு முழிச்சிட்டே உக்காந்திருப்பேன்னா. நாள்ல அது எத்தன பங்குன்னேன். ஆறுல ஒண்ணுன்னு பட்டுனு சொல்றா!"

நான் இன்னும் நடத்தியிராத கணக்கு அது.

வெள்ளிக்கிழமை அந்த அம்மா வந்தபோது தட்டைக் கையில் கொடுத்து விளக்கினீர்கள். "என்னா பண்றது டீச்சர், ரெண்டு பேருக்கும் ஒரே ஷிப்டு போட்டுட்டாங்க" என்று அழுதாள். "அழாதம்மா. அந்த ஆறுல ஒண்ண எங்கிட்டக் குடுத்துடு. பஸ்சு எங்க தெரு வழியாத்தான வருது?" என்றீர்கள். டிசி எழுதவே இல்லை.

ஒன்றரை வருடம் ஐந்தரை மணிக்குக் கதவைத் திறந்தீர்கள். பிறகு, யாரிடமும் சொல்லாமல் வந்த அந்த மாரடைப்பு. கல்லறைத் தோட்டத்தில் உங்களை விட்டுவந்த மறுநாள், லாவண்யாவின் அம்மா என் வீட்டுக்கு வந்து, "இனி சாமல்பட்டிதான் மேடம்" என்று நின்றாள். "ஏன், எங்க வூட்டுக் கதவு தெறக்காதா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம்.

இப்போது லாவண்யாவோடு இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள். உங்களைப்போல விளையாட்டுக் காட்ட எனக்கு வராது. பாய் விரித்துப் போர்த்திவிட்டு, "எட்டு மணிக்கு நான் எழுப்பறேன், படுங்க" என்பேன். மூன்று பேரும் நன்றாகத் தூங்குகிறார்கள், டீச்சர்.