ஆடு கேட்காத கல்யாணம்

வளர்பிறை, நான்காம் நாள்

இன்றும் காற்று இல்லை. அவுலிஸ் கரை முழுக்கக் கப்பல்கள், பாய் சுருட்டியபடி. கடல் தாண்டி ட்ராய்க்குப் போய்ச் சண்டை போட வந்த கிரேக்கப் படை என் கடை முன்னால் நின்று அத்திப்பழத்துக்குச் சண்டை போடுகிறது.

இரண்டு கூடைப் பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு எதிர்க்கரைக் கால்கிஸ் தெருக்களில் கூவித் திரிந்தவள் நான். இன்று ஜலசந்தியின் இரண்டு கரையிலும் எனக்குக் கிடங்கு உண்டு. சும்மா இருக்கிற ஆண்பிள்ளைக்குப் பசி அதிகம் என்று யோசித்துத்தான் இந்தக் கரையில் பந்தல் போட்டேன். இப்போது அந்தப் பசியே பயமாக இருக்கிறது. ஆடு, மாடு, பன்றி எல்லாம் தின்று தீர்த்துவிட்டார்கள். ஆட்களின் கண்ணே சரியில்லை.

மதியம் எவார்கஸ் வந்தார். படைக்குத் தலைவரான பெரிய அரசருக்குச் சாமான் வாங்குகிற காரியக்காரர். வெங்காயத்துக்குக்கூட அரை நாள் பேரம் பேசுவார்.

"நிகாரெட்டா, கல்யாணச் சாமான் வேணும்."

"யாருக்கய்யா?"

"அரசரோட மூத்த பொண்ணுக்கு. அம்மாவும் பொண்ணும் அரசர் ஊர் மைசீனியிலேருந்து கிளம்பிட்டாங்க. மாப்பிள்ளை, நம்ம படையில இருக்கிற தெசலி நாட்டு இளவரசர்."

குங்குமப்பூச் சாயம் ஏற்றிய துணி, பூமாலை, வாற்கோதுமை, தண்ணீருக்கு ஒரு வெண்கலப் பாத்திரம். அவ்வளவுதான் கேட்டார். எள்ளுருண்டை? தீப்பந்தம்? மணப்பெண் குளிக்க ஊற்றுத் தண்ணீர் எடுக்கும் குடம்? குழல் ஊதும் பெண்கள்? ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"அதெல்லாம் அப்புறம்."

சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். எவார்கஸ்! பேரம் பேசாமல்!

துடுப்புப் போடுகிறவன் கல்யாணத்துக்கே ஒரு கூடை எள்ளுருண்டை வாங்குவான். அரசர் வீட்டில் வேண்டாமாம்.

வளர்பிறை, ஐந்தாம் நாள்

புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கேட்டதெல்லாம் கல்யாணத்துக்கு முந்தின பூசைக்கான சாமான். எந்தப் பெண்ணும் புருஷன் வீட்டுக்குப் போகுமுன் ஆர்ட்டெமிஸ் தேவிக்குப் பலி கொடுத்து, ஒரு கற்றை முடியை அறுத்து வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். இல்லாவிட்டால் தேவி பிரசவத்தில் கணக்குத் தீர்ப்பாள். மாலை, கோதுமை, தண்ணீர் — சரியாகத்தான் இருக்கிறது. முதலில் பூசை, அப்புறம் விருந்து. இது என் மண்டைக்கு ஏன் நேற்றே உறைக்கவில்லை?

வளர்பிறை, ஏழாம் நாள்

உறைத்தது தப்பு போலிருக்கிறது.

பூசை என்றால் பலியாடு வேண்டும். தேவிக்குப் பெட்டையாடுதான் பிடிக்கும். எவார்கஸைத் தேடிப் போய்ச் சொன்னேன்: "ஐயா, கால்கிஸ்ல என்கிட்ட ஒரு வெள்ளைப் பெட்டை இருக்கு. உடம்புல ஒரு மச்சம் கிடையாது. நாளைக்கே படகுல ஏத்திடறேன்."

"வேண்டாம்."

"பலிக்கு?"

"பலிக்கு இருக்கு."

"எங்கேயிருந்து? இந்தக் கரையில எலியைத் தவிர நாலு கால்ல நடக்கிறது எதுவும் மிச்சமில்லையே."

அவர் என் காலைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். போய்விட்டார்.

படகு ஓட்டுகிற என் கொழுந்தன் டோரியோனுக்குச் சிரிப்பு. "அண்ணி, உங்க ஆட்டு விலையைக் கேட்டு மனுஷன் ஓடிட்டார்."

"விலையே சொல்லலைடா."

"உங்க முகத்துல எழுதியிருக்கே."

சிரித்தேன். ஆனால் வேறு வியாபாரி எவனும் இந்தக் கரைக்கு ஆடு கொண்டுவரவில்லை. வந்தால் எனக்குத் தெரியாமல் இருக்காது. பின்னே எந்த ஆடு?

வளர்பிறை, பத்தாம் நாள்

வந்துவிட்டார்கள். தூசி படிந்த வண்டி, இடுப்பில் கைக்குழந்தையோடு அரசி, இறங்கும் முன்பே பேச ஆரம்பித்துவிட்ட பெண். சாமானைப் பார்க்க என் பந்தலுக்கே வந்தாள்.

"அக்கா, அவரைப் பார்த்திருக்கீங்களா?"

"தினமும். காலையில கரையோரம் ஓடுவார்."

"குதிரை மாதிரி ஓடுவாராமே?"

"குதிரை நடுவுல நிக்கும். இவர் நிக்கிறதில்லை."

"அம்மா, கேட்டியா! வீட்டுல தங்கவே மாட்டாராம்!"

அரசிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு என்னைக் கேட்டாள்: "தீப்பந்தம் யார்கிட்ட சொல்லியிருக்கு? பொண்ணுக்கு முன்னாடி பந்தம் பிடிச்சு நடக்கிறது அம்மா நான்தானே?"

"இன்னும் சொல்லலையம்மா."

"ஆம்பளைங்க கையில கல்யாணத்தைக் குடுத்தா இப்படித்தான்" என்றாள். நானும் ஆமாம் போட்டேன். வேறு என்ன சொல்வது? எனக்கே ஒன்றும் விளங்கவில்லை.

பெண் அந்தத் துணியைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டாள். நல்ல நிறம். அவளுக்குப் பொருந்தியது.

வளர்பிறை, பதினோராம் நாள்

காலையில் இளவரசன் ஓடி முடித்துவிட்டு என் கடையில் தண்ணீர் கேட்டான். வியாபாரி வாய் சும்மா இருக்குமா? "கல்யாண மாப்பிள்ளைக்கு இன்னிக்கு எல்லாம் இலவசம்" என்றேன்.

"யாருக்குக் கல்யாணம்?"

வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன். "உங்களுக்குத்தான், அரசர் பொண்ணோட" என்றதும் வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிச் சிரித்தான். "எனக்கா? யாரும்மா கிளப்பிவிட்டது?" என் முகத்தைப் பார்த்தபின் சிரிப்பு நின்றுவிட்டது. அப்படியே அரசர் கூடாரத்தைப் பார்த்து நடந்தான். ஓடவில்லை. நடந்தான்.

மாப்பிள்ளைக்குத் தெரியாத கல்யாணம். விருந்து இல்லை. பந்தம் இல்லை. ஆடு இல்லை. ஆனால் மாலை உண்டு, தண்ணீர் உண்டு, கோதுமை உண்டு.

டோரியோனைப் பிடித்து உலுக்கினேன். படகில் சிப்பாய்கள் பேசுவது எல்லாம் அவன் காதில் விழும். முதலில் மழுப்பினான். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான்: "அண்ணி, அரசர் தேவியோட தோப்புல மான் அடிச்சாராம். அதனாலதான் தேவி காத்தைப் பிடிச்சு வச்சிருக்காளாம். ஈடு குடுத்தாத்தான் விடுவாளாம். படையோட பூசாரி சொல்லிட்டார்."

"என்ன ஈடு?"

அவன் படகுக் கயிற்றை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தான்.

"எத்தனை நாளா உனக்குத் தெரியும்?"

"தெரியும்னு இல்லை அண்ணி... பேசிக்கிட்டாங்க. படையில எதைத்தான் பேசமாட்டாங்க?"

நான் பிரித்துக் காட்டிய துணி. நானே நனைத்து வைத்த மாலை.

இருக்காது. பெற்ற தகப்பன். ஆடு கிடைக்கிற ஊரில் யாராவது பெற்ற பெண்ணை — நான் தருகிறேன் என்றேனே! வெள்ளை ஆடு, மச்சம் இல்லாத ஆடு! சும்மாவே தந்திருப்பேனே!

இல்லை, டோரியோனுக்குக் கதை கட்டுவதே பிழைப்பு. இளவரசன் விளையாடியிருக்கலாம். நான் போய் அரசியிடம் உளறி, அது பொய்யாக இருந்தால் இந்தக் கரையில் கால் வைக்க முடியாது. மெய்யாக இருந்தால்? அப்போதும் கால் வைக்க முடியாது. காற்று வரவேண்டும் என்று கத்துகிற இத்தனை ஆயிரம் பேருக்கு நடுவில் நான் யார்?

எழுந்து போய் மூட்டைகளை அடுக்கினேன். அடுக்கியதைக் கலைத்தேன். திரும்ப அடுக்கினேன்.

வளர்பிறை, பன்னிரண்டாம் நாள்

சொல்லிவிட்டேன்.

சுற்றி வளைக்கத் தெரியவில்லை. கூடார வாசலில் அரசி குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். "அம்மா, பூசைக்கு எல்லாம் வாங்கினாங்க. ஆடு மட்டும் வாங்கலை. வேண்டாம்னுட்டாங்க" என்றேன்.

"வேற யார்கிட்டயாவது சொல்லியிருப்பாங்க."

"கரையில ஆடே இல்லையம்மா. மாப்பிள்ளைக்குக் கல்யாணம்னே தெரியாது. நான் கேட்டுட்டேன்."

குழந்தை வாயைத் திறந்தபடி காத்திருந்தது. கரண்டி பாதியில் நின்றது. அரசி என்னை முறைக்கவில்லை, திட்டவில்லை. குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, "உள்ளே அவ தலை வாரிக்கிட்டிருக்கா. சத்தமாப் பேசாதே" என்றாள்.

நல்லது செய்தேனா? தெரிந்து என்ன ஆகப்போகிறது? வண்டியைச் சுற்றி நேற்று முதல் காவல். சொல்லப் போனபோது நான் இதைக் கவனிக்கவில்லை.

வளர்பிறை, பதின்மூன்றாம் நாள்

பெண்ணைப் பலி கொடுக்கக் கூடாது என்று குறுக்கே நின்ற இளவரசன் மேல் அவனுடைய ஆட்களே கல்லெறிந்தார்களாம்.

வளர்பிறை, பதினான்காம் நாள்

என்ன எழுதுவது? நடந்ததையா, நடந்ததாகச் சொல்வதையா?

காலையில் அவள் என் பந்தலைத் தாண்டிப் போனாள். அந்தத் துணிதான். கையைப் பிடித்திருந்தவனிடம், "விடுங்க, எனக்கு நடக்கத் தெரியும்" என்றாள். அவன் விட்டுவிட்டான். பெண்களைத் தோப்புக்குள் விடவில்லை. அரசியைக் கூடாரத்தில் வைத்துக் காவல் போட்டிருந்தார்கள்.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. அத்தனை பேர் இருந்தும் இருமல்கூட இல்லை.

அப்புறம் காற்று. என் பந்தல் துணி முதலில் அசைந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். கூரை பிய்த்துக்கொண்டு போகிற வரை நின்றேன்.

டோரியோன் ஓடி வந்தான். மூச்சு வாங்கியது. முகத்தில் சிரிப்பு. "அண்ணி, பொண்ணு தப்பிச்சா! பூசாரி கத்தியை ஓங்கினார், அவளைக் காணோம், அந்த இடத்துல மான் கிடக்குது! தேவி தூக்கிட்டுப் போயிட்டா!"

"நீ பார்த்தியா?"

"எல்லாரும் பார்த்தாங்க!"

"நீ பார்த்தியாடா?"

"நான் குனிஞ்சு தரையைப் பார்த்துக்கிட்டு நின்னேன் அண்ணி. எல்லாரும் அப்படித்தான் நின்னாங்க" என்றான்.

எல்லாரும் குனிந்திருந்தார்கள். எல்லாரும் பார்த்தார்கள். காற்று மட்டும் நிஜம். தேவி தந்ததாகத்தானே இருக்கவேண்டும்? தேவி இருக்கிறாள் என்றால் மானும் இருக்கலாம் இல்லையா? நம்பினால் என்ன நஷ்டம்? நம்பத்தான் பார்க்கிறேன்.

தேய்பிறை, முதல் நாள்

கப்பல்கள் போய்விட்டன. கடைசியாகச் சிலது கிளம்புகின்றன. கரையில் குப்பை, சாம்பல், உடைந்த சாடிகள்.

அரசியின் வண்டிக்குத் தண்ணீரும் தீனியும் ஏற்றக் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். எவார்கஸ் கப்பலேறும் முன் அரசரின் செய்தியோடு வந்தார். மனப்பாடம் செய்த மாதிரி சொன்னார்: பெண் தேவியின் பக்கத்தில் சுகமாக இருக்கிறாள், பலியானது மான், அரசி அழக்கூடாது, பெருமைப்பட வேண்டும்.

அரசி அழவில்லை. "பெரிய மானா?" என்றாள்.

"ரொம்பப் பெரிசு அரசி. கலைமான்."

"கறியை என்ன செஞ்சீங்க?"

எவார்கஸுக்குப் புரியவில்லை.

"பலி குடுத்தா கறியைப் பங்கு போடுவோமே. என் புருஷன் தொடைக்கறிக்குத் தம்பிகூடச் சண்டை போடுவார். உனக்கு எந்தப் பங்கு வந்துது?"

"எல்லாருக்கும்... பங்கு போட்டாங்க அரசி."

அரசி திரும்பி என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு. இவங்களுக்குச் சோறு விக்கிறவ நீதானே. அன்னிக்குச் சாயங்காலம் படை என்ன சாப்பிட்டுது?"

எவார்கஸும் என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை; மிரட்டவில்லை. மான்கறி என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் ஒரு தாய்க்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருந்திருக்கும். எது கருணை என்று அப்போதும் தெரியவில்லை. இதை எழுதும்போதும் தெரியவில்லை. ஆனால் அவள் கேட்டது கருணையை இல்லை. சரக்கு எப்படி என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

"கருவாடு அம்மா" என்றேன். "என் கடையில கூட்டம் தாங்கலை. யார் மேலயும் கறி வாசனை இல்லை."

எவார்கஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அரசி கையைக் காட்டி நிறுத்தினாள். குழந்தையை வண்டியில் உட்கார வைத்தாள். தானும் ஏறி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"அவர்கிட்ட சொல்லு" என்றாள் எவார்கஸிடம். குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. "நல்லபடியா சண்டை முடிச்சுட்டு வரட்டும். எத்தனை வருஷம் ஆனாலும் பரவாயில்லை. வீட்டுல நான் காத்திருப்பேன்னு சொல்லு. வந்ததும் குளிக்க வெந்நீர் நானே போட்டு வைப்பேன்னு சொல்லு."

எவார்கஸ் முகம் மலர்ந்துவிட்டது. "சொல்றேன் அரசி! ரொம்பச் சந்தோஷப்படுவார்!" என்று கும்பிட்டுவிட்டுக் கப்பலை நோக்கி ஓடினார்.

எந்த மனைவியும் சொல்கிற வார்த்தைதான், ஆனால் பலியாட்டைப் பார்க்கிற மாதிரி கடலைப் பார்த்தபடி சொன்னாள். என் கையிலிருந்த தண்ணீர்ச் சாடி ஏன் நழுவியது என்று எனக்குத் தெரியவில்லை.