இன்றைய விலைக்கு வெங்காயம்

என் பிரியமான அண்ணனுக்கு,

நேற்று உனக்கு முப்பதாம் நாள் படையல் போட்டோம். துக்கம் கேட்க வருகிறவர்களெல்லாம், "அண்ணன் டெல்லியில என்னா உத்தியோகம்?" என்கிறார்கள். நாட்டிலுள்ள கம்பெனிகள் எப்படிக் கணக்குக் காட்ட வேண்டும் என்று விதி எழுதுகிற குழுவுக்குத் தலைவர் என்றேன். "அப்ப, பெரிய கணக்குப்பிள்ளைன்னு சொல்லு" என்று முடித்துவிட்டார் சித்தப்பா. சிரிப்பதா, அழுவதா?

எனக்கு மட்டும் நீ யாரென்று தெரியுமா என்ன?

குன்னத்தில் நம் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, ஆடிட்டர் பரீட்சை பாஸ் செய்துவிட்டு நீயும் வந்திருந்தாய். விலை ஏறட்டும் என்று வயலோரம் கீற்று வேய்ந்த பட்டறையில் சேர்த்து வைத்திருந்த சின்ன வெங்காயத்தை விற்றுத்தான் எனக்கு நகை. அப்பா அதற்கு ஒரு மதிப்புச் சொன்னார். யாரும் கேட்காமலே நீ வாயைத் திறந்தாய்.

"அது போன மாச வெலப்பா. இன்னிக்குப் பாதிக்குத்தான் போவுது. அடியில அழுவ வேற ஆரம்பிச்சிருச்சு."

மாப்பிள்ளை வீட்டார் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். "வூட்டுப் புள்ள பேசுற பேச்சாடா இது?" என்று கேட்ட அப்பா, சாகும்வரை உனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ அன்று மாலையே அரியலூர் போய் ரயிலேறிவிட்டாய்.

நாலு வருஷம் கழித்து வேப்பந்தட்டையில் வாழ்க்கைப்பட்டேன். குறையொன்றுமில்லை. அதனால் உன்னைத் திட்டவும் முடியவில்லை, மன்னிக்கவும் மனசு வரவில்லை.

நேற்று உன்னோடு குழுவில் இருந்த மெட்ராஸ்காரர் ஒருவர் வந்திருந்தார். கையிலிருக்கும் சரக்குக்கு வாங்கின விலை, இன்று விற்கிற விலை, இரண்டில் எது குறைவோ அதைத்தான் காட்ட வேண்டும் என்று நீ விதி கொண்டுவந்தாயாம். முதலாளிகள் கொஞ்சம் தளர்த்தச் சொல்லி நெருக்கினார்களாம்.

"அன்னிக்கு அவர் என்ன சொன்னார் தெரியுமாம்மா? 'இதுக்காக என் தங்கச்சி ஒரு கல்யாணத்தையே குடுத்திருக்கா சார், உங்களுக்காக வுட முடியாது'ன்னுட்டார்."

நான் கொடுத்தேனா அண்ணா, நீ எடுத்துக்கொண்டாயா? முன்பின் தெரியாதவர்களிடம் சொன்னதை எனக்கு ஒரு கார்டில் எழுதக் கூடாதா? வந்திருப்பது பெருமையா கோபமா என்று புரியாமல், காலையிலிருந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் உறுதி. உன் பிள்ளைகள் என்னிடம் கேட்டால், உன் நல்லதைக் கூட்டிச் சொல்ல மாட்டேன். அன்று நான் அழுததைக் குறைத்தும் சொல்ல மாட்டேன்.

உன் கூடப் பிறந்த ஒரே தங்கை,
செல்லம்மா