நீங்கள் விலகவில்லை, காதர் அண்ணே

என் பிரியத்துக்குரிய காதர் அண்ணனுக்கு,

நீங்கள் அடங்கியிருக்கிற மையவாடிப் பக்கம் வந்து நேரிலேயே சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினாலே பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடுகிறேன். திட்டவேண்டியதையெல்லாம் அழுது கெடுத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும்.

சேதி இதுதான். பஞ்சாலைத் தொழிலாளர் சங்கங்களுக்கு ஓர் உலகக் கூட்டமைப்பு இருக்கிறதே, அந்தப் பெரிய மனிதர்கள் உங்கள் பெயரில் ஒரு விருது வைக்கப்போகிறார்களாம். என்ன விருது தெரியுமா? பெருந்தன்மை விருது! பொதுச்செயலாளர் பதவிக்குப் பெயர் சொல்லப்பட்டும் ஒற்றுமைக்காகத் தானே விலகிக்கொண்ட மாமனிதராம் நீங்கள். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

படிக்கிறவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் நம் மில் சங்கத்தில் ஒரு வழக்கம். தலைவர் பதவிக்கு யார் பெயரைச் சொன்னாலும் அந்த ஆள் உடனே எழுந்து வெளியே போய்விடவேண்டும். உள்ளே இருக்கிறவர்கள் அவரைப் பற்றி நல்லதும் கெட்டதும் கூச்சமில்லாமல் பேசுவார்கள். பேசி முடித்ததும் ஒருவர் போய்க் கூட்டிவருவார். வந்தவர் அத்தனைக்கும் பதில் சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் ஓட்டு.

உங்கள் பெயர் வந்த அன்று முதலில் எழுந்தவள் நான்தானே. "காதர் அண்ணன் நல்ல மனுசந்தான். ஆனா மேனேஜர் ஒரு சிரிப்பு சிரிச்சா பாதிக் கோரிக்கைய மறந்துட்டு வந்துருதாரு" என்றேன். நீங்கள் டீக்கடையிலிருந்து வந்து, எல்லாவற்றையும் கேட்டு, தலையைச் சொறிந்தீர்கள். "தங்கச்சி சொல்லுதது நெசந்தான். இனிமே அவளையும் கூட்டிட்டுப் போறேன்" என்றீர்கள். நான் சங்கத்துச் செயலாளர் ஆன கதை அதுதான்.

அந்த வழக்கத்தை அப்படியே உலக மாநாட்டுக்கும் தூக்கிக்கொண்டு போனீர்களே, அங்கேதான் கெட்டது.

அங்கே பொதுச்செயலாளரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது நாம் போய் இறங்கிய அன்றே தெரிந்துபோனது. பெரிய நாடுகளின் சங்கங்கள் நாலைந்து, தனி அறையில் சாப்பாட்டுக்கு உட்காரும். அவர்களுக்குள் ஒருவர் பெயர் முடிவாகும். மறுநாள் நாமெல்லாம் கைதட்டவேண்டும். அதற்கு ஒருமித்த கருத்து என்று பெயர். பஞ்சு விளைகிற ஊரிலிருந்தோ நூல் நூற்கிற ஊரிலிருந்தோ ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. முதலாளிகளிடம் ஜனநாயகம் கேட்கிற கூட்டத்தின் லட்சணம் இது! நீங்கள் கொண்டுபோன பால்கோவாவை மட்டும்தான் எல்லா நாட்டுக்காரர்களும் உண்மையிலேயே ஒருமித்து ஏற்றுக்கொண்டார்கள்.

அதையும் மீறி, ஆப்பிரிக்கச் சங்கத்துத் தோழி ஒருவர் எழுந்து உங்கள் பெயரை முன்மொழிந்தார். நீங்கள் என்ன செய்தீர்கள்? சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து, சபைக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு வெளியே போய்விட்டீர்கள்.

மேடையில் இருந்தவருக்கு வாயெல்லாம் பல். "இந்திய நண்பர் பெருந்தன்மையோடு விலகிக்கொண்டார்" என்று அறிவித்தார். அதே மூச்சில், சாப்பாட்டு மேசையில் முடிவான பெயரைப் படித்தார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. "எங்கண்ணன் வெளியதான நிக்காரு! கூப்பிடுங்க!" என்று பதற்றத்தில் தமிழிலேயே கத்தினேன். எனக்கு முன்னால் இருந்த மைக்கை அவர்கள் போடவே இல்லை.

ஓடி வந்து பார்த்தால் நடைவழியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். "எம்புட்டுக் கைதட்டுதாவ! அப்படி என்னத்தப் பேசுனாவ, தங்கச்சி?" என்று கேட்டீர்கள். அந்த முகத்தை நான் எங்கே கொண்டுபோய்த் தொலைப்பேன் அண்ணே?

உங்கள் மேலும்தான் எனக்குக் கோபம். மரியாதை தெரியாதவர்கள் நடுவில் எதற்கு அவ்வளவு மரியாதை? ஊருக்கு வந்தும் நீங்கள் வாய் திறக்கவில்லை. மாநாடு எப்படி என்று கேட்டவர்களிடம், "குளிருதான் தாங்கல" என்று முடித்துக்கொண்டீர்கள். வலித்ததா அண்ணே?

இப்போது அடுத்த பொதுச்செயலாளரைத் தேர்ந்தெடுக்கும் நேரம். தேர்வு முறையைச் சீர்திருத்த ஒரு குழு போட்டிருக்கிறார்கள். யார் போட்டது? அதே சாப்பாட்டு மேசைதான். அவர்கள் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்த சீர்திருத்தம், முடிவான ஆளின் படத்தை முன்கூட்டியே இணையத்தில் போடுவது. அவரிடம் கேள்வி கேட்கலாமா என்றால், அதற்கு நேரம் இருக்காதாம். வெட்கம் என்று ஒன்றை இவர்கள் கண்ணால் பார்த்திருப்பார்களா?

உங்கள் விருதுக்கு நம் சங்கமும் மதினியும் சம்மதிக்கவேண்டுமாம். சம்மதித்தால் ஆலோசனைக் குழுவில் எனக்கும் ஓர் இடம் உண்டு என்று, அன்று மேடையில் இருந்த அதே ஆள் போனில் தேனொழுகப் பேசினார். சங்கத்தில் சிலர், "வாங்கிக்கிடுவோம்க்கா. உள்ள போனாத்தான மாத்த முடியும்" என்றார்கள். எனக்கும் கொஞ்சம் சபலம் தட்டியது, மறைப்பானேன்.

மதினியைப் பார்க்கப் போனேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"பதவி வேண்டாம்னா அவிய வெளிய போனாவ?" என்றார். "தன்னப் பத்தி நாலு பேரு பேசட்டும்னு போனாவ. ஒருத்தரும் ஒரு வார்த்த பேசலியே தாயி. மவுத்தான பொறவு என்னத்துக்கு விருது?"

அதற்குமேல் எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. விருதும் வேண்டாம், இடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாநாட்டுக் குறிப்பில் உங்கள் பெயருக்கு நேரே இருக்கும் 'விலகினார்' என்பதை அடித்துவிட்டு, 'தேர்தல் நடக்கவில்லை' என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். கூடவே நம் சங்கத்தின் தீர்மானமும் போயிருக்கிறது. எந்த நாட்டு ஆளும் நிற்கலாம், நிற்கிறவர் சபை நடுவே எல்லாருக்கும் பதில் சொல்லவேண்டும், பெரிய சங்கம் சின்னச் சங்கம் பார்க்காமல் ரகசிய ஓட்டு நடக்கவேண்டும். ஆப்பிரிக்கத் தோழி வழிமொழிந்துவிட்டார். மரபுக்கு ஒத்துவராது என்று மேலிடத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. பின்னே எப்படி ஒத்துவரும்?

மாநாட்டுக்கு நான் போகிறேன் அண்ணே. பொதுச்செயலாளருக்குப் பெயர் கேட்கும்போது எழுந்து உங்கள் பெயரைத்தான் சொல்வேன். இறந்துபோனவரை முன்மொழியக்கூடாது என்பார்கள். சரி, உயிரோடு இருந்தபோது ஏன் கூடாமல் போனது என்று அந்தச் சபையில் ஒருவராவது எழுந்து சொல்லட்டும். மைக்கைப் போடாவிட்டால் போகட்டும், மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை இது. உங்களைப் பற்றிப் பேசி முடிக்காமல் உட்காரமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
பேச்சியம்மாள்
ராஜபாளையம்