திரும்பி வந்த சேலை

தை மாதம், வெள்ளிக்கிழமை இரவு

மூத்த பேத்தி நாமக்கல்லில் நர்ஸ். சின்னப் பேரன் காலேஜ் முடித்துவிட்டான். நடுப் பேரன் செந்தில் டிவியில் நிகழ்ச்சி நடத்துகிறான். அவனால் பஸ் கண்டக்டர்கூட எனக்கு எழுந்து இடம் தருகிறார்.

இன்றைக்கு அந்தக் கண்டக்டர்தான் பார்சலைக் கொண்டுவந்து கொடுத்தார். செந்தில் சென்னையிலிருந்து அனுப்பியது. உள்ளே என் பழைய அரக்குச் சேலை, இஸ்திரி போட்டு மடித்து இருந்தது. முன்பு அவன் அதைப் பின்கொசுவம் வைத்துக் கட்டி, நான் சேந்தமங்கலத்தில் மிளகுக்கு விலை பேசுகிற மாதிரியே பேசித்தான் மேடையில் எல்லோரையும் சிரிக்க வைத்தான். அதைப் பார்த்துத்தான் டிவிக்காரர்கள் கூப்பிட்டார்கள்.

போன் போட்டேன்.

"ஏன் சாமி, சேலையத் திருப்பி அனுப்பீட்ட?"

"இனிமே பொம்பள வேசம் வேண்டாம்னு சொல்லீட்டாங்க அம்மாயி. கோட்டுதான்."

"உனக்குச் சம்மதமா?"

"எனக்கென்னுங்க? மாப்பிள்ளையாட்டம் இருக்கறேன்ல?" என்று சிரித்தான். அது டிவியில் சிரிக்கிற சிரிப்பு.

பிறகு நிகழ்ச்சியைப் பார்த்தேன். நன்றாகத்தான் பேசுகிறான். ஆனால் கை மட்டும் இடுப்புக்குப் போய்ப் போய்த் திரும்புகிறது, முந்தானையைச் செருக இடம் தேடுகிற மாதிரி. அதிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலை பஸ்ஸில் சேலையைத் திருப்பி அனுப்பப் போகிறேன். அவன் கோட்டுப் போட்ட படம் ஒன்று ஏற்கெனவே என் வீட்டுச் சுவரில் இருக்கிறது, அது போதும். சேலையோடு ஒரு சீட்டும் வைப்பேன்: கண்ணு, இதைக் கட்டிக்கொண்டு புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. டிவிக்கு வேண்டாம், எனக்கு.