அப்பாவின் இ.சி.ஜி. தாள்

டாக்டர் தம்பிக்கு,

அடக்கத்துக்கு வர நேரமில்லாதவனிடம் நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நம் ஊர் விதினில் நாலு நாளாக மழை. இந்த ஊர் வழக்கப்படி நம் வாசல் கதவில் ஒட்டிய மரண அறிவிப்பு நனைந்து உரிகிறது. அதில் 'திடீரென மறைந்தார்' என்று நான்தான் போடச் சொன்னேன். கீழே மகன் என்று உன் பெயர். பக்கத்து வீட்டு ராட்கா அதைப் பார்க்கும்போதெல்லாம், "பாவம், யாரு கண்டா!" என்கிறாள்.

அன்று நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் அப்பா நெஞ்சில் வயர்களை நானே ஒட்டி எடுத்து, தலைநகர் சோபியாவில் இருக்கும் உனக்குப் படம்பிடித்து அனுப்பிய இ.சி.ஜி. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். இப்போதாவது பார். இதயத்தின் மேலறைத் துடிப்பைக் காட்டும் சின்ன மேடு, ஒன்று விட்டு ஒன்று, முந்தின துடிப்பின் கடைசி மேட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. பாதித் துடிப்புகள் கீழறைக்குப் போய்ச் சேரவேயில்லை. இயந்திரம் அதைக் கவனிக்காமல், 'மெதுவான துடிப்பு, மற்றபடி சரி' என்று அச்சடித்தது. நீயும் அந்த ஒரு வரியைத்தான் படித்தாய்.

"மெஷினே சரின்னுடுச்சு. நீ ஒட்டுற வேலையப் பாருக்கா, படிக்கிறத என்கிட்ட விடு," என்று போனில் சொன்னாய்.

"பாத்தியா, என் புள்ளையே சொல்லிட்டான்!" என்று அப்பா பெருமையோடு சட்டையை மாட்டிக்கொண்டார். அந்த மேட்டைப் பார்த்திருந்தும் நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பாவம் என்னுடையது. மறுநாள் மாடிப்படியில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

நாளை நாற்பதாம் நாள். வழக்கப்படி கதவில் புது அறிவிப்பை நான்தான் ஒட்ட வேண்டும். அதில் 'திடீரென' என்ற சொல் இருக்காது. உன் பெயர் இருக்கும்.

இப்படிக்கு,
ஒட்டுகிற வேலை மட்டும் தெரிந்த அக்கா