நான் மூடிவிட்ட உன் புகார்

உன் மேல் பொய்ப்பழி போட்டிருக்கிறார்கள். அதற்கு வழி செய்து கொடுத்தவன் நான். இன்று காலை மேலாளர் வாடிக்கையாளர் நிறுவனத்துக்கு எழுதிய மெயிலில் ஒரு வரி: "இது முன்பிருந்த டெஸ்டர் கவனிக்கத் தவறிய பிழை." அந்த டெஸ்டர் நீதான். நீ காய்ச்சலில் போய் இரண்டு மாதம்தான் ஆகிறது. செத்தவன் மறுத்துப் பேச மாட்டான் என்ற தைரியம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டைத் தொழிலாளர்கள் போனில் பேசி அனுப்பும் புகார்களை வாங்கி, குரலைக் கேட்கும்படியான கோப்பாக்குவது நம் மென்பொருளின் வேலை. பல புகார்கள் பாதியில் அறுந்து நின்றன. "இந்த ஆளுங்களுக்கு முழுசா பேசத் தெரியாது" என்றார் மேலாளர். அறிக்கையிலும் அப்படியே போயிற்று. நானும் தலையாட்டினேன்.

நீ நம்பவில்லை. வெள்ளானூரில் உன் பக்கத்து வீட்டு அக்கா புகார் சொல்லும்போது கூடவே நின்று கேட்டுவிட்டு, மறுநாள் நம் கோப்பை எனக்குப் போட்டுக் காட்டினாய். "பிரஸ் மெஷின்ல சென்சார் வேல செய்யல சார், நேத்து ஒருத்தன் கை..." அவ்வளவுதான்.

"உங்க ஊரு டவர் அப்டி, மச்சான்" என்று சிரித்தேன்.

"டவர் மொக்கதான். அதுக்கு? அக்கா இன்னும் ரெண்டு நிமிஷம் பேசிச்சி. நா பக்கத்துலயே நின்னுகினு இருந்தேன். உன் கோடு இன்னா பண்ணுது?"

நான் எழுதியிருந்த நிரலைக் காட்டினேன். ஒவ்வொரு முறையும் நாலாயிரம் பைட் அளவு குரலைக் கேட்கும். குறைவாக வந்தால் பேச்சு முடிந்தது என்று கோப்பை மூடிவிடும். ஆபீஸ் வைஃபையில் கேட்டது கேட்டபடி வந்தது. சிக்னல் இல்லாத இடத்திலிருந்து ஆயிரம், ஐந்நூறு என்று துண்டு துண்டாகத்தான் வரும்.

"கொழாயில தண்ணி சன்னமா வந்தா, நின்னு பூட்ச்சின்னு கொடத்தத் தூக்கிகினு போய்டுவியா மாமே? சுத்தமா நிக்கிற வரைக்கும் புடி. அவங்க பேசி முடிச்சாங்க. நீதான் கேட்டு முடிக்கல."

ஒரு பைட்கூட வராமல் பூஜ்யம் என்று பதில் வந்தால்தான் முடிவு. அதுவரை, வந்த துண்டை வைத்துக்கொண்டு மீதியைக் கேட்க வேண்டும். பத்து வரி வேலை. ஆனால் இரண்டு நாளில் வெளியீடு. பிழை என் பெயரில் நிற்கும். நீ பதிவு செய்த பிழைப் புகாரை 'நெட்வொர்க் கோளாறு' என்று எழுதி மூடினேன். நீ மறுபடி திறந்தாய். மறுபடி மூடினேன். அதற்குப் பிறகு நீ திறக்கவில்லை. ஒப்பந்த ஆள், யாரோடு சண்டை போடுவாய்? டீக்கடையில் என்னிடம் ஒன்று மட்டும் கேட்டாய்: "அந்த ஆளு கை இன்னா ஆச்சின்னு உனக்குத் தெரிய வேணாமா?"

போன வாரம் வாடிக்கையாளர் நிறுவனமே பிழையைப் பிடித்தது. திருத்திவிட்டேன். ஆனால் பழைய புகார்களின் மீதி எங்கேயும் இல்லை; நாம் அதை வாங்கவே இல்லை. இப்போது யார் பேசி நிறுத்தினாலும், இன்னும் ஏதோ சொல்ல வந்தார்கள் என்றே காது காத்திருக்கிறது.

எல்லோரும் பார்க்கும்படி மேலாளருக்குப் பதில் போட்டேன்: "பிழையைக் கண்டுபிடித்தவர் அவர். எழுதியவனும் இரண்டு முறை மூடியவனும் நான். பதிவுகளை இணைத்திருக்கிறேன். அந்த வரியை மாற்றி எழுதுங்கள்."

எதிர் மேசையில் அவர் படித்ததைப் பார்த்தேன். எழுந்து சாப்பிடப் போனார்.

திரும்பி வந்ததும் மறுபடி அனுப்பினேன், ஒரே வரி: "எப்போது மாற்றுவீர்கள்?"