ஆயில் விளக்கின் வயர்

மார்ச் 3
மகளின் காரைச் சோதித்தேன். சாவியைத் திருப்பியதும், இன்ஜின் ஓடத் தொடங்கும் முன், டாஷ்போர்டில் ஆயில் எச்சரிக்கை விளக்கு ஒருமுறை எரிய வேண்டும். எரியவில்லை. பானெட்டைத் திறந்து குனிந்து பார்த்தால், ஆயில் பிரஷர் சென்சாரின் வயர் கழற்றப்பட்டு, நுனியில் நேர்த்தியாக டேப் சுற்றப்பட்டிருக்கிறது.

மாப்பிள்ளையின் கைவேலை. அவர் மறுக்கவும் இல்லை. "வேகமாப் போனா அந்த லைட்டு மினுக்குது மாமா. அதைப் பார்த்தாலே அவளுக்குப் படபடன்னு வருது. குழந்தை பிறக்கிற வரைக்கும்தானேன்னு..."

"வீடு பத்திக்கிட்டா மூக்கைப் பொத்திக்குவீங்களோ?" என்றேன். குரலை உயர்த்தவில்லை.

அவளுக்கு ஒன்பதாம் மாதம். மருத்துவமனை நாற்பது கிலோமீட்டர் தூரம். ஆயில் ஏறாமல் நடுவழியில் இன்ஜின் இறுகிப்போனால்? இந்த மனுஷன்கிட்டயா என் பொண்ணை—

மார்ச் 5
மகள் சொல்கிறாள்: "அப்பா, ரெண்டு நாளா 'ம்', 'வேண்டாம்', இந்த ரெண்டை வச்சே குடும்பம் நடத்துறீங்க." சிரித்துவிடுவேனோ என்று அஞ்சி வெளியே போய்விட்டேன்.

மார்ச் 7
டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு சரியாகவே இருக்கிறது. சென்சாரைக் கழற்றி, அந்த இடத்தில் பிரஷர் மீட்டரைப் பொருத்தினேன். இன்ஜினின் பேரிங் தேய்ந்து பிரஷர் குறைந்திருந்தால், வேகம் கூடும்போது முள்ளும் ஏறும். இங்கே நேர்மாறு: ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த முள் துவள்கிறது. பம்பு உறிஞ்ச முடியாமல் திணறுகிறது. எதுவோ அடைத்திருக்கிறது.

மார்ச் 8
அடியிலிருக்கும் ஆயில் சேம்பரை இறக்கினோம். மாப்பிள்ளை டார்ச் பிடித்தார். பம்பின் சல்லடை முழுவதும் நீலப் பசை, புழுப் புழுவாக.

சென்ற ஆண்டு ஒழுகிய சேம்பரை ஒட்டியது யார்? மெக்கானிக்குக்கு என்ன தெரியும் என்று, பொறியியல் பட்டம் வாங்கிய கையால் பசையை அள்ளி அப்பியது யார்? நான். நானேதான்.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். சொல்லி முடிக்குமுன் அவர், "விடுங்க மாமா. அவகிட்ட சொல்ல வேண்டாம். பழி என் மேலயே இருக்கட்டும், எனக்குப் பழகிடுச்சு" என்றார்.

மறுபடியும் மறைக்கும் வேலை! ஆனால் இம்முறை கோபம் வரவில்லை. யாரையும் நோகவிடத் தெரியாது. இந்த மனிதரிடம் இருக்கும் ஒரே கோளாறு அதுதான்.

நானே உள்ளே போய் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ரெண்டு பேருமா சேர்ந்து என்னைக் காப்பாத்தினது போதும், சாமி!"

மார்ச் 9
சல்லடையைக் கழுவி, புது ஆயில் ஊற்றினோம். நன்றாகச் சூடேறிய பின்பும், ஆக்சிலரேட்டரை அழுத்தினாலும் முள் துவளாமல் நிற்கிறது. வயரை மாப்பிள்ளையே மாட்டினார்.

மார்ச் 17
பெண் குழந்தை. இருவரும் நலம்.

காலையில் வலி கண்டது. மாப்பிள்ளை ஓட்டினார், பின் இருக்கையில் மகள் என் விரல்களை நெரித்துக்கொண்டே வந்தாள். இன்னும் வீங்கியிருக்கின்றன, எழுத வரவில்லை.

"கூட ஒருத்தர் மட்டும் வரலாம்" என்றார் பிரசவ அறை நர்ஸ். நான் எழுந்துவிட்டேன். ஐம்பத்தேழு வயதில், அவ்வளவு வேகமாக. பிறகு உட்கார்ந்துகொண்டேன்.

"போங்க மாப்பிள்ளை. அவ உங்களைத்தான் தேடுவா."